நாலு கோட் பெயின்ட்

"ஏம்மா, இப்படிச் சுரண்டினா எப்ப முடியறது? கயிறு கட்டுற பிடிதானே? காஸ்டிக் சோடாவில தூக்கிப் போடு, பெயின்ட் தானா கழண்டுடும்" என்றார் படகுக்காரர்.

"இது அலுமினியம் சார். காஸ்டிக் அரிச்சுத் தின்னுடும்" என்றாள் பட்டறைக்காரி. ரிமூவர் தடவி, மரத்துண்டால் சுரண்டுவதை அவள் நிறுத்தவில்லை.

"அப்ப பழைய பெயின்ட் மேலயே ஒரு கோட் அடிச்சுக் கொடேன்."

"அடியில இருக்கறதை எடுக்காம அடிச்சா நிக்காது சார்."

இவள் பிடித்த பிடியை விடமாட்டாள் என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் அலுத்துக்கொண்டார்.

"எங்கப்பா வாங்கின படகு சார். அவர் கையால அடிச்ச பெயின்ட். அதுல போய் இவ்வளவு ஆராய்ச்சி!"

சிவப்பு போய், பச்சை போய், நீலம் போய், கடைசி வெள்ளையும் உரிந்தது. பிடியின் ஒரு பாதி வழவழவென்று மின்னியது. மறுபாதி முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழி.

"பாத்தியா, சுரண்டிச் சுரண்டியே கெடுத்துட்டே!"

"இது மூணு வருஷத்துக் குழி சார். தொழில் தெரியாத காலத்துல என் படகோட பிடியை நான்தான் காஸ்டிக்ல போட்டேன். வாளி சின்னது, பாதிதான் முங்கிச்சு. போன வருஷம் அந்தப் படகையே யாரோ ஓட்டிட்டுப் போயிட்டாங்க."

பெஞ்சில் இருந்தவர் பேப்பரை மடித்தார். அதற்குள் அவளுடைய புகார் மனு இருந்தது.

"பாதி குழி, பாதி வழவழப்பு. எழுதினபடியேதான் இருக்கும்மா" என்றவர், படகுக்காரரின் தோளில் கைபோட்டார்.

"உங்கப்பா எந்த வருஷம் வாங்கினார்னு ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க சார்."