இடது கோடிக்கு யார்?

ஊசி போட்டுக் கன்னம் மரத்துப்போன பிறகுதான் டாக்டர் பெர்சியோ பேச்சை எடுத்தார்.

"பையன் இன்னிக்கு ஆடுறானா, இல்லையா?"

நாற்காலியில் மல்லாந்து கிடந்த எலிஹியோவின் வாய்க்குள் ஒரு சின்னக் கண்ணாடியும், எச்சில் உறிஞ்சும் குழாயும், டாக்டரின் இரண்டு விரல்களும் இருந்தன. அவர் "ஆ" என்றார்.

அந்த ஊர் பேஸ்பால் அணிக்கு மேலாளர் எலிஹியோ. பையன் என்றால் யேரிக்சன். மீசை இன்னும் சரியாக முளைக்காதவன். மைதானத்தின் இடது கோடியில் நின்று, உயரே வரும் பந்துகளை ஓடிப் பிடிக்கிறவன்.

மட்டையைக் கையில் எடுத்தால் ஒரு வாரம் தொட்டதெல்லாம் வேலி தாண்டும். அடுத்த வாரம் காற்றைத்தான் அடிப்பான்.

அவனைத் தினமும் ஆட விடலாமா, கூடாதா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. தலைநகர் சாந்தோ டொமிங்கோவிலிருந்து விடுமுறைக்கு வந்த சொந்தக்காரர்கள்கூட, பெட்டியைக் கீழே வைக்கும் முன் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தாக வேண்டும்.

எலிஹியோவிடம் யோசனை சொல்லாதவர் யாரும் பாக்கியில்லை. முடிவெட்டுகிறவர் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு சொன்னார். பூசையில் அப்பத்தை நாக்கில் வைக்க வந்த பாதிரியார், வைப்பதற்கு முன், "இடதுகைக்காரன் பந்து போட்டா மட்டும் உட்கார வை" என்று முணுமுணுத்தார்.

எலிஹியோ எல்லோருக்கும் தலையாட்டினார். ஒரு நாள் ஆட விட்டார், ஒரு நாள் உட்கார வைத்தார். இரண்டு கட்சியும் அவரைச் சரிசமமாகத் திட்டின.

"நான் சொல்றதைக் கேளு," என்றார் டாக்டர், குறடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தபடி. "போன வாரம் முழுக்க அவன் ஒரு பந்தை ஒழுங்கா அடிச்சு முதல் பேஸ்கிட்டகூடப் போகல. அவனை நம்பித் தினமும் இறக்குறதும் பிரேக் அறுந்த பைக்ல மலை இறங்குறதும் ஒண்ணுதான்."

"அதுக்கு முந்தின வாரத்தைச் சொல்ல மாட்டீங்களே டாக்டர்," என்றாள் குழாயைப் பிடித்திருந்த உதவியாளர் யோகஸ்தா. "அப்ப நீங்கதான அவன் படத்தை இங்க மாட்டினீங்க?"

சுவரில் இப்போது ஆணி மட்டும் இருந்தது.

"அது முந்தின வாரம்."

"ஒரு நாள் ஆடு, ஒரு நாள் சும்மா இருன்னா யாருக்குத்தான் கை வரும்? உங்களை அப்படிப் பல்லு பிடுங்கச் சொன்னா என்ன ஆவீங்க?"

"நான் என்னைக்காவது பல்லை மாத்திப் பிடுங்கியிருக்கேனா?"

யோகஸ்தா அவசரமாகக் குழாயைச் சரிசெய்யத் தொடங்கினாள். எலிஹியோ கண்ணை அகல விரித்து அவளைப் பார்த்தார்.

கதவுக்கு வெளியே காத்திருந்தவர்களுக்கும் எல்லாம் கேட்டிருக்க வேண்டும். "உட்கார வைங்க அவனை" என்றது தாடை வீங்கிய ஒரு குரல். "உங்க வீட்டுப் பிள்ளைன்னா சொல்வீங்களா?" என்றது அதைவிட வீங்கிய இன்னொரு குரல்.

டாக்டர் நாற்காலியின் கைப்பிடியில் முழங்காலை ஊன்றி இழுத்தார். எலிஹியோவின் மண்டைக்குள் மரம் முறிவது போலக் கேட்டது. பல் தட்டில் விழுந்தது. நல்லவேளை, சொத்தைப் பல்தான்.

"இப்ப சொல்லு. ஆமாவா, இல்லையா? தலையாட்டக் கூடாது."

எலிஹியோ எழுந்து உட்கார்ந்து துப்பினார்.

தினமும் மதியம் உடை மாற்றும் அறைக்குள் வந்ததும் யேரிக்சன் முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பான். இன்று உண்டா, இல்லையா என்று. உடனே அவர் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருக்கும் ஷூ கயிற்றை மறுபடி கட்டத் தொடங்கிவிடுவார். அவர் நிமிரும்போது பையன் நகர்ந்து போயிருப்பான்.

"ஆடுவான்," என்றார். மரத்த உதட்டில் சொல் வழுக்கியது. "இன்னிக்கு மட்டுமில்ல. சீசன் முடியிற வரைக்கும் தினமும்."

பஞ்சு பிடித்த டாக்டரின் கை பாதியில் நின்றது. "அடிக்காட்டியுமா?"

"அடிக்காட்டியும். நாலு பேர்கிட்ட சொல்லுங்க, பரவாயில்ல."

யோகஸ்தா அதற்குள் கதவைத் திறந்துவிட்டிருந்தாள். வெளியே ஒருவர் கை தட்டினார். ஒருவர் எலிஹியோவின் தாயைத் திட்டினார். இன்னொருவர் தன் முறையையும் பல்வலியையும் விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். மோட்டார் சைக்கிள் வாடகைக்கு ஓட்டுகிற பையன்கள் ஆளுக்கொரு பக்கம் சேதியை ஏற்றிக்கொண்டு பறந்தார்கள்.

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு," என்று டாக்டர் பஞ்சைத் திணித்தார். ஆனால் வாசல்வரை வந்து கை கொடுத்தார்.

தெருவில் வண்டிக்குள் எலிஹியோவின் மனைவி நூரிஸ் காத்திருந்தாள். பின் இருக்கையில், காலையில் அவர் அலுவலக அறையிலிருந்து அள்ளி வந்த சீருடைச் சட்டைகள், ஷூக்கள், ஒரு மேசை விசிறி.

"அங்க என்ன கூச்சல்?" என்றாள். "உன்னை வேலையை விட்டுத் தூக்கின விஷயத்தைச் சொல்லிட்டியா? பன்னிரண்டு மணிக்கு ரேடியோல அவங்களே சொல்ற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாதுன்னு முதலாளி அவ்வளவு சொன்னாரே."

"பல் டாக்டர்கிட்ட எப்படித் திறக்காம இருக்க முடியும்?" என்றார் எலிஹியோ பஞ்சைக் கடித்தபடி. "ஆனா அதை மட்டும் சொல்லல."

மணி பதினொன்று. மியாமியிலிருந்து வருகிற புது மேலாளர் இன்னும் வானத்தில்தான் இருந்தார்.

அவர் இறங்குவதற்குள், இடது கோடியில் தினமும் யார் என்பது ஊர் முழுக்க முடிவாகியிருந்தது.