காயாத சட்டை

சாலையில் மரம் விழுந்ததால் மர மில்லுக்கு அன்று விடுமுறை. மூன்றாவது நாளாக மழை கொட்டியது. காட்டோரத்துச் சிற்றூர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடந்தது. மில் ஆப்பரேட்டருக்கு மட்டும் வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை. "மழைய ரசிச்சுட்டு வரேன்" என்று குடைகூட எடுக்காமல் கிளம்பினான்.

மனைவி துண்டும் கையுமாக வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான். தலையிலும் உடம்பிலும் ஒரு சொட்டு ஈரமில்லை. நெற்றியில் வியர்வை வழிந்தது.

"நனையவே இல்லையா?"

"வெளிய வெயில் மண்டையப் பிளக்குது. தண்ணி குடு."

தகரக் கூரைமேல் மழை இரைந்துகொண்டிருந்தது. அதற்கு மேலாகக் குரலை உயர்த்திச் சொன்னான்: "ஆத்தங்கரையில மச்சானப் பார்த்தேன்."

அவளுடைய அண்ணனைப் போன வருட வெள்ளம் கொண்டுபோயிருந்தது. பதினொரு நாள் ஆற்றோரம் தேடி அலைந்தவனே இவன்தான்.

"அண்ணன்... என்ன சொன்னாரு?"

"சட்டையப் பிழிஞ்சு பாறையில காயப்போட்டிருக்காரு. காஞ்சதும் சாப்பிட வரேன்னாரு."

தண்ணீரைக் குடித்தவன் அப்படியே படுத்துத் தூங்கிப்போனான். அவள் கதவைத் தாழிடப் போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு தாழிடாமலே திரும்பி வந்து, உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டாள்.