வீட்டு எண் வேண்டாம்

"அந்தப் பெட்டிக்குள்ள பல்லிதான் குடித்தனம் பண்ணிட்டிருக்கும், டீச்சர். கழட்டிடலாமா?" என்றார் சங்கத் தலைவர்.

கூடம் சிரித்தது. டீச்சரைத் தவிர வந்திருந்த பதினேழு பேரும் ஆண்கள். அறுபத்து நான்கு வீடுகள் உள்ள குடியிருப்பில், கூட்டம் என்றால் வீட்டுக்காரர்கள்தான் வருவார்கள். அவர்களிலும் வாய் திறப்பது இரண்டு பேர்.

வராதவர்களும் யோசனை சொல்லட்டும் என்று ஓவிய டீச்சர் ஒற்றைக்காலில் நின்று மாட்டிய பெட்டி அது. கூச்சப்படாமல் எழுதட்டும் என்று அவளே அதன்மேல் பூ வரைந்து எழுதியும் வைத்தாள்: பெயர் வேண்டாம், வீட்டு எண் வேண்டாம், மனதில் உள்ளதைச் சொல்லுங்கள்.

முதல் மாதம் பெட்டி காலி. அதன்பின் அதைத் திறந்து பார்க்கவே அவளுக்கு மனம் வரவில்லை. சாவி கைப்பையின் அடியில் கிடந்தது.

இன்றும் காலி என்றால் கழற்றிவிடுவதாகப் பேச்சு. அதனால் காலையில் மாடிப்படி விளக்கு பற்றி ஒன்று, தண்ணீர்த் தொட்டி பற்றி ஒன்று என, இடது கையால் இரண்டு சீட்டு எழுதி அவளே போட்டிருந்தாள்.

பூட்டைத் திறந்தாள்.

மூன்று சீட்டுகள் விழுந்தன.

முதல் இரண்டையும் படித்தாள். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார் தலைவர், பேனா மூடியைக்கூடக் கழற்றாமல்.

மூன்றாவது, தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள். தேதி இரண்டு மாதம் பழையது. பின்பக்கம் பொடிப்பொடியாகப் பென்சில் எழுத்து.

'சாயங்காலம் அவர் வந்த பிறகு யாராவது எங்கள் வீட்டு மணியை அழுத்துங்கள். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டால்கூடப் போதும். வெளியாள் குரல் கேட்டால் கையை ஓங்கமாட்டார்.'

டீச்சர் தாளைத் திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள்.

பெயர் இல்லை. வீட்டு எண் இல்லை. பெட்டியில் சொன்னபடியே செய்திருந்தாள், யாரோ.

எதிரே பதினேழு முகங்கள். எல்லாமே லிஃப்டில் ஒதுங்கி வழிவிட்டு, "சாப்பிட்டாச்சா டீச்சர்?" என்று கேட்கிற முகங்கள். அவற்றில் ஒன்று சீட்டில் சொன்ன அவருடையதாக இருக்கலாம்.

"என்ன டீச்சர், வாயடைச்சுப் போச்சு?" தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சத்தமாப் படிங்க. எல்லாரும் கேக்கட்டும்."