பாதி விலை ஆம்ப்ளிஃபையர்

அச்சகத்தில் எல்லோரும் அவரை 'ரசிகர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பகல் முழுக்க இயந்திரங்களின் இரைச்சலில் நின்று மேற்பார்வை பார்ப்பவர். மனைவி சமையலறையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. ஆனால் ஸ்பீக்கர் ஒயரை மாற்றினால் பாடகி மூச்சு இழுப்பதே வேறு மாதிரி கேட்கிறது என்று சத்தியம் செய்வார். இதை எழுதுகிறவனுக்கும் அதே வியாதி உண்டு என்பதால் சிரிக்க முழு உரிமை இருக்கிறது.

பழைய ஆம்ப்ளிஃபையர் புகைந்து உயிரை விட்டதிலிருந்து அவருடைய இடுப்புயர ஸ்பீக்கர்கள் இரண்டும் கூடத்தில் சும்மா நின்றன. மனைவி அவற்றின் மேல் துவைத்த துணிகளை மடித்து வைத்தாள்.

"ஏங்க, இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள நான் சொன்ன காசுக்கு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. இல்லைன்னா இது ரெண்டையும் பழைய சாமான்காரனுக்குத் தள்ளிடுவேன்."

வெறும் மிரட்டல் இல்லை. பழைய சாமான்காரனின் போன் நம்பரை வாங்கியே வைத்திருந்தாள்.

அவள் சொன்ன காசுக்குக் கடைகளில் கிடைத்ததெல்லாம் தகர டப்பா. ரசிகர் நொந்துபோயிருந்தபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. வீடு மாற்றுவதால் விற்பனைக்கு, உயர்ந்த ரக ஆம்ப்ளிஃபையர். விலை, மனைவி சொன்னதைப் போல இரண்டு மடங்கு. செய்தி அனுப்பினார். ஞாயிறு பதினொரு மணிக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது.

ரசிகர் திட்டம் போட்டார். மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போய் நின்றுவிட வேண்டும். இல்லாத குறையெல்லாம் சொல்லி விலையைப் பாதியாக்க வேண்டும். அயோக்கியத்தனம்தான். ஆனால் சங்கீதத்துக்காகச் செய்வது கணக்கில் வராது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

பத்து மணிக்கே போய் அழைப்பு மணியை அழுத்தினார். உள்ளே நடமாட்டம் தெரிந்தது, கதவு திறக்கவில்லை.

"ஆம்ப்ளிஃபையர் வாங்க வந்திருக்கேன் சார்! கையோட பணம் கொண்டாந்திருக்கேன்!" என்று ஜன்னல் பக்கம் குரல் கொடுத்தார்.

கதவு திறந்தது. வியர்த்து வழிய ஒருவர் நின்றார்.

"வாங்க சார். வீட்டை ஒழிச்சுக்கிட்டிருக்கேன், அதான் லேட்டாயிடுச்சு."

"கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டேன். மன்னிச்சுக்குங்க."

கூடத்து மூலையில், இசைத்தட்டு பிளேயரோடும் ஸ்பீக்கர்களோடும் இணைத்தபடி, ஆம்ப்ளிஃபையர் கறுப்பாகப் பளபளத்தது. ரசிகருக்கு நாக்கில் நீர் ஊறியது. முகத்தை மட்டும் கசப்பு மருந்து குடித்தவர் போல வைத்துக்கொண்டார்.

"நீங்க தொடாதீங்க சார், நானே போட்டுக் கேக்கறேன். நான் கேக்கும்போது பக்கத்துல யாரும் இருக்கக் கூடாது. கண்ணை மூடிக்கிட்டு முழுசாக் கேட்டாத்தான் எனக்குப் பிடிபடும். சத்தம் கொஞ்சம் பெருசா வைக்கலாமா?"

"தாராளமா வைங்க. எனக்கும் மாடியில கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு."

இப்படி ஒரு நல்ல மனுஷனையா ஏமாற்றப் போகிறோம் என்று ரசிகருக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

தான் கொண்டுபோன வயலின் இசைத்தட்டைப் போட்டுக் கண்ணை மூடினார். வீடே அதிர்ந்தது. என்ன தெளிவு! குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை என்பதுதான் சிக்கல். அப்போது, நல்ல குழைவான இடத்தில், 'டொம்' என்று ஒரு சத்தம். சிறிது நேரத்தில் இன்னொரு 'டொம்'. ரசிகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிஜமாகவே ஒரு குறை!

நல்ல மனுஷனாம், நல்ல மனுஷன். குறையை மறைத்து விற்கப் பார்த்திருக்கிறான். ரசிகருடைய மனச்சாட்சி அந்த நிமிஷமே லேசாகிவிட்டது.

மாடியிலிருந்து அந்த மனிதர் இறங்கியதும் ரசிகர் பிடித்துக்கொண்டார்.

"சார், யாரை வேணா ஏமாத்தலாம், என் காதை ஏமாத்த முடியாது. எல்லாம் தெரிஞ்சுபோச்சு."

அவர் முகம் வெளுத்தது. "எ... என்ன தெரிஞ்சுபோச்சு?"

"பேஸ் சத்தம் சரியில்லை. தகரத்தை இடிக்கிற மாதிரி 'டொம்'முனு வருது. உள்ள ஏதோ லூசாயிருக்கு. பாதி விலைக்கு மேல ஒரு பைசா தரமாட்டேன்."

அவர் நீளமாக மூச்சு விட்டார். "உங்ககிட்ட மறைக்க முடியுமா சார்? குடுக்கறதைக் குடுங்க. நீங்க பெரிய ஞானி."

ஞானி பணத்தைக் கொடுத்துவிட்டு ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு தன் காருக்கு நடந்தார். அவமானத்தில் அந்த மனிதர் வாசல் வரைகூட வரவில்லை.

மதியம் வீட்டுக் கூடத்தில் வயலின் வழிந்தது. துணி மூட்டை ஸ்பீக்கரை விட்டு இறங்கியிருந்தது. மனைவியே வந்து உட்கார்ந்து கேட்டாள். "பரவாயில்லையே, நான் சொன்ன காசுக்குள்ளயே முடிச்சுட்டீங்களே!" கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் வாங்கிய முதல் பாராட்டு. ரசிகருக்குக் கண் கலங்கிவிட்டது.

போன் ஒலித்தது. விளம்பரக்காரரின் நம்பர். விற்றவன் வயிறு எரிந்து புலம்பப் போகிறான், மனைவியும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டார். வந்தது ஒரு முதியவரின் நடுங்கும் குரல்.

"தம்பி, மன்னிக்கணும். பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன், வந்து ஏமாந்து போயிருப்பீங்க. நான் வெளிய போயிருந்த நேரத்துல வீட்டுல திருட்டுப் போயிடுச்சு. மாடியில பீரோவை இடிச்சுத் திறந்து நகையெல்லாம் வழிச்சுட்டுப் போயிட்டான். உங்களுக்குன்னு வச்சிருந்த ஆம்ப்ளிஃபையரும் போச்சு."

மனைவி எழுந்து வயலினை நிறுத்தினாள்.

"ஆனா கவலையில்லை தம்பி, போலீஸ்காரங்க கிளம்பிட்டாங்க. எதிர்வீட்டு கேமராவுல திருடன் தெளிவா விழுந்திருக்கான். ஆம்ப்ளிஃபையரைக் கைக்குழந்தை மாதிரி அணைச்சுக்கிட்டு, சிரிச்ச முகமா, கார்ல ஏறுறான்!"