பழகிப்போன சத்தம்

“பழசு பன்னிரண்டு வருஷம் உழைச்சுது, தம்பி. ஒரு ஸ்க்ரூ கழண்டதில்ல. இந்தப் புதுசு மூணே வருஷத்துல மண்டையைப் போட்டுடுச்சு. இதெல்லாம் ஒரு மெஷினா?”

அந்த அம்மா இரண்டு சி-பாப் மெஷின்களையும் என் மேஜைமேல் வைத்தார். தூக்கத்தில் மூச்சு அடைத்துக்கொள்கிறவர்கள் முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு படுப்பார்களே, அந்த மெஷின். அதை ரிப்பேர் பார்ப்பதுதான் என் பிழைப்பு. காலையிலிருந்து இதே பாட்டைப் பாடும் நாலாவது ஆள் இவர். தலையாட்டித் தலையாட்டி எனக்குக் கழுத்து வலியே வந்துவிட்டது.

“புதுசு ரெடியாகற வரைக்கும் பழசை ஓட்டிக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். அதையும் ஒரு பார்வை பாத்துடுங்க.”

“யாருக்கும்மா மெஷின்?”

“வேற யாருக்கு? அதோ.”

வாசல் பக்க நாற்காலியில் அவர் வீட்டுக்காரர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“புது மெஷின் படுத்து நாலு நாள் ஆச்சு. அது சரியாகற வரைக்கும் பழசை மாட்டிக்கோங்கன்னா, வேண்டாம் வேண்டாம்னு ஓடறார். டிப்போவுல இவர் பேரே கொட்டாவிதான், தெரியுமா? பஸ் டிரைவரா இருந்தவர். தூங்கி வழியறார்னு ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கிட்டு, கேட்ல உக்கார வெச்சு வண்டி நம்பர் எழுத விட்டுட்டாங்க. ராத்திரி பூரா மெஷினையும் போட்டுக்கிட்டு, பகல்லயும் தூங்கினா எவன் சும்மா விடுவான்? சோம்பேறித்தனம். வேற என்ன?”

“பழைய மாடல் சத்தம் ஜாஸ்தியாச்சே. நீங்க எப்படித் தூங்கினீங்க?”

“அதை ஏன் கேக்கறீங்க! மாவு மில்லு மாதிரி இரையும். படுத்ததும் கண் அசரும், ஆனா அரை மணிக்கு ஒரு தடவை அந்தச் சத்தம் எழுப்பி விட்டுடும். நான் அச்சாபீஸ்ல பேப்பர் வெட்டற மெஷின்ல நிக்கறவ. காலையில அஞ்சு மணி ஷிப்ட். முதல் பத்து நாள் நான் பட்ட பாடு இருக்கே... அந்தத் தூக்கக் கலக்கத்துலதான் இது.”

வலது கையைக் காட்டினார். ஆள்காட்டி விரலில் பாதி இல்லை.

“அப்புறம் பழகிடுச்சு. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன். உழைக்கிற உடம்பு பாருங்க. இவர்தான், நாலு மணிக்கு நான் எழுந்து பாத்தா, ஹால் கதவைச் சாத்திக்கிட்டு நாற்காலியில உக்காந்திருப்பார். கேட்டா, சீக்கிரம் முழிப்பு வந்துடுச்சும்பார்.”

“அப்புறம் ஏன் புதுசு வாங்கினீங்க?”

“சத்தமே இல்லாத மெஷின் வந்திருக்குன்னு எவனோ சொன்னானாம். சின்னப் பிள்ளை மாதிரி ஒத்தக் கால்ல நின்னு வாங்கினார்.”

புதுசைத் திறந்தேன். மோட்டார் பேரிங் தேய்ந்திருந்தது. மீட்டரில் ஏழாயிரம் மணி நேரம்.

“புதுசெல்லாம் கொஞ்சம் லேசுதாம்மா, ஒத்துக்கறேன். ஆனா இது பாவம், தினம் ராத்திரி பூரா ஓடித்தான் தேஞ்சிருக்கு.”

பழசைத் திறந்தேன். உள்ளே பளபளவென்று இருந்தது. பன்னிரண்டு வருஷம் ஓடின மோட்டாரா இது? சந்தேகத்தில் அதன் மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். பார்த்ததோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என் போதாத காலம், சொல்லிவிட்டேன்.

“அம்மா, இது மொத்தமே ஐநூறு மணி நேரம்தான் ஓடியிருக்கு.”

“பன்னிரண்டு வருஷத்துலயா?”

“தினமும் போட்டிருக்கார், ஒரு நாள் தவறல. ஆனா முதல் ஒன்பது நாள்தான் ராத்திரி பூரா. பத்தாவது நாள்லேர்ந்து அஞ்சு நிமிஷம், ஆறு நிமிஷம். அதுக்கு மேல இல்ல.”

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

“அடப்பாவி மனுஷா! அப்போ நான் கண் அசர்ற வரைக்கும் எனக்கு முன்னால நாடகமா?”

விறுவிறுவென்று போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“ஏங்க! எழுந்திரிங்க! பன்னிரண்டு வருஷமா என்னை ஏமாத்தினீங்களா? தூக்கத்துலயே மூச்சு நின்னுடும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! ஏதாவது ஆகியிருந்தா? உங்க வேலையும் போச்சு, பேரும் கெட்டுப் போச்சு!”

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். ஏன்ப்பா சொன்னே என்பது மாதிரி ஒரு பார்வை. நான் ஸ்க்ரூடிரைவரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

“ஸ்டியரிங்கை யாரும் பிடுங்கல” என்றார் மெதுவாக. “அரைத் தூக்கத்துல ஜனங்களை ஏத்திக்கிட்டு ஓட்ட எனக்கு மனசு வரல. நானே எழுதிக் குடுத்துட்டேன்.”

“அதையா கேட்டேன்? மெஷினை ஏன் நிறுத்தினீங்க? அதைச் சொல்லுங்க!”

தன் தோள்மேல் இருந்த அந்த அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு பெரிய கொட்டாவி வேறு வந்தது.

“பத்தாவது நாள்தானே உன்னை ஆஸ்பத்திரியிலேர்ந்து கைக்கட்டோட கூட்டிட்டு வந்தேன்... மிச்சம் ஒன்பது விரல் இருந்துதே.”