தொண்ணூறு கிலோ மீசைக்காரர்

“நேத்து மாட்டினது தொண்ணூறு கிலோ! மீசையே விரல் தடிமன். ஒத்தைத் தூண்டில்ல இழுத்துப் போட்டேன்!”

வெயில் ஏறத் தொடங்கி, மீன்கள் கரையை ஒட்டி மேயும் பருவம் இது. பணி ஓய்வுக்குப் பிறகு கடலோரப் பாறைதான் என் அலுவலகம். என் மனைவி அசையவில்லை.

“எங்கே அது?”

“விட்டுட்டேன். அது சமைக்கிற வகை இல்லை.”

“வெறுங்கையோட வந்துட்டு வாய் மட்டும் நீளுது. அண்ணா, நீயும்தானே கூடப் போனே?”

சோபாவில் இருந்த மச்சான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “மாப்பிள்ளை கப்சா விடறார். ஒரு நெத்திலிகூட மாட்டலை.”

“அப்போ இந்தத் தூண்டில் எதுக்கு? பழைய சாமான்காரர் வாசல்ல நிக்கிறார், போட்டுடறேன்.”

தூண்டிலோடு என் உயிரும் வாசலுக்குப் போனது.

“சரி மச்சான், நாளைக்கும் அதே பாசி பிடிச்ச பாறையில நில்லுங்க. நான் பக்கத்துல வெறுங்கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன்.”

செய்தித்தாள் தரையில் விழுந்தது. மச்சான் வாசலுக்குப் பாய்ந்தார்.

“போடாதேம்மா! நேத்து வழுக்கிக் கடல்ல விழுந்தப்போ, என் பெல்ட்டுல கொக்கியை மாட்டித்தான் மாப்பிள்ளை இழுத்தார். அந்தத் தொண்ணூறு கிலோ நான்தான்!”