மீதிச் சொல்

பால்துரைக்கு எதிலும் அவசரம். சோறு ஆறுவதற்குள் சாப்பிட்டு முடிப்பார்; பஸ் நிற்பதற்குள் இறங்குவார். மனைவி எஸ்தருக்குப் பேச்சு திக்கும். அவள் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் மீதியை இவரே சொல்லி முடித்துவிடுவார். கல்யாணம் ஆன நாள்முதல் அப்படித்தான். அதை உதவி என்றே நினைத்திருந்தார்.

ரத்த அழுத்தம் ஏறி மயங்கி விழுந்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "மாத்திரை கொஞ்சந்தான் கேக்கும் சார். மத்தது உங்க குணத்துல இருக்கு. எதுக்கும் காத்திருந்து பழகுங்க" என்றார்.

மறுநாள் காலை எஸ்தர் மாத்திரையும் தண்ணீருமாக வந்து கட்டிலருகே நின்றாள். "எனக்குப் ப... ப..."

'பயமா இருக்கு' என்பது அவர் நுனிநாக்குவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் அவர் உதடுகளையே பார்த்தாள். அவரிடமிருந்து சொல் வரவில்லை. மூச்சை இழுத்து மறுபடி முயன்றாள்.

"பா... பாட்டுப் படிக்கணும் போல இருக்கு. நீங்க நல்லபடியா வந்துட்டீங்கல்லா."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒனக்குப் பாட்டு வருமா?"

"எங்க ஊரு கோயில்ல நாந்தான் ப... படிப்பேன். பாடும்போது தி... திக்காது."

"இத்தன வருசமா சொல்லவே இல்லியே, எஸ்தர்."

அவள் சிரித்தாள். "சொ... சொல்ல வந்தேன்."

பால்துரை கட்டிலில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

"மெல்லப் படி" என்றார்.